அரபுக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய ஆய்வுகள்: எல்லாம் சொந்தத்தில் கல்யாணம் என்ற இடத்தில்தான் முடியுமா?

வளைகுடாக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரபுச் சமூகங்களில் குழந்தைகளின் உடல்நலமும் வளர்ச்சியும் பற்றி வந்த ஆய்வுகளைப் படித்துத் தொகுத்து எழுத வேண்டும், மூன்று மாதம் நேரம் இருக்கிறது. தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். பத்தாம் வகுப்பு வரை குவைத்தில் வளர்ந்தவள் நான். எதிர் வீட்டில் ஒரு எகிப்தியக் குடும்பம் இருந்தது, அவர்களுடைய கடைசிப் பையனுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற குழிகளில் இன்சுலின் குப்பிகள் வரிசையாக நிற்கும். நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா வந்து சட்டையைத் தூக்கி ஊசி போட்டுவிட்டுப் போவார், அவன் அப்படியே ஆட்டத்தைத் தொடர்வான். குவைத்தில் முதல் வகைச் சர்க்கரை நோய் குழந்தைகளிடம் உலகிலேயே முன்வரிசையில் இருக்கிறது, ஃபின்லாந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிற அளவுக்கு, என்பது இப்போது படிக்கும்போதுதான் தெரிகிறது.

என் சிக்கல் இதுதான். இரண்டு வாரமாகப் படிக்கிறேன், செவித்திறன் குறைவு என்று எடுத்தாலும் சரி, எடை குறைந்த பிறப்பு, கற்றல் குறைபாடு, இதய ஓட்டை என்று எதை எடுத்தாலும் சரி, கடைசிப் பத்தியில் "நெருங்கிய உறவுத் திருமணம் ஒரு காரணமாக இருக்கலாம்" என்று முடிக்கிறார்கள். அதை அளந்து பார்த்த கட்டுரையும் அப்படித்தான் முடிகிறது, அளக்காத கட்டுரையும் அப்படித்தான் முடிகிறது. அப்புறம் இன்னொன்று, அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன, யேமனையும் கத்தாரையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால் அது எந்தக் குழந்தையைப் பற்றிய எண்?

அங்கே வேலை பார்த்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். எதைத் தாண்டிப் போகக்கூடாது, எதை நம்பிவிடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

---

வார்டுவிளக்கு எழுதியது:

தங்கச்சி, நான் வளைகுடாவில் பதினொரு வருடம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸ். உன் எரிச்சல் புரிகிறது, ஆனால் அந்த விஷயத்தை முழுக்க ஒதுக்கிவிடாதே, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹோமோசிஸ்டினூரியா என்று ஒரு நோய். புரதத்தில் இருக்கிற மெத்தியோனினை உடம்பு சரியாகக் கையாள முடியாமல் போவது. பிறந்தபோது குழந்தை பூப்போல இருக்கும், ஒரு குறையும் தெரியாது. சில வருடம் கழித்துக் கண்ணின் லென்ஸ் நழுவும், புத்தி வளர்ச்சி பின்தங்கும், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உலகத்தில் பல லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு என்று பாடத்தில் படித்தோம். கத்தாரில் 1,800 குழந்தைகளுக்கு ஒன்று என்று ஆய்வில் வந்தது. அங்கே இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே மரபணுவில் ஒரே மாற்றம். குதிகாலில் ஊசி குத்தி ஒரு தாளில் ரத்தச் சொட்டு எடுத்து, அந்தத் தாளை ஜெர்மனியில் ஹைடல்பெர்க் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கிற ஏற்பாட்டை 2003 வாக்கில் கத்தார் தொடங்கியது. முதல் சில வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் தனிப் பால்மாவும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வைத்தே பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். உறவுத் திருமணத்தையும் வம்சாவளியையும் யாரோ கவனித்து ஆராய்ந்ததால்தானே இது நடந்தது.

எண்களையும் சரியாக வைத்துக்கொள். பொதுவாகப் பிறவிக் குறை 100 பிறப்புக்கு 2 முதல் 3. பெற்றோர் சகோதரர் பிள்ளைகளாக இருந்தால் ஏறத்தாழ இரட்டிப்பு. அதாவது அப்போதும் 100இல் 94, 95 பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள். இதைச் சொல்லாமல் "இரண்டு மடங்கு" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் பயந்துபோவார். அங்கே விரும்பிச் செய்வது அப்பாவின் அண்ணன் தம்பி மகளை, அவர்கள் பேச்சில் 'பின்த் அம்ம்'. நமக்கு அவள் தங்கை முறை, கேட்டதும் திடுக்கிடும், மரபணுக் கணக்கில் அத்தை மகளும் சித்தப்பா மகளும் ஒன்றுதான், தாய்மாமன் கல்யாணம்தான் அதைவிட நெருக்கம்.

சவுதியையும் பார். 2004 முதல் கல்யாணத்துக்கு முன் சிக்கிள் செல், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களுக்குப் பரிசோதனை கட்டாயம். முடிவு எப்படி வந்தாலும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லை, சொல்லி அனுப்புவதோடு சரி. முதல் வருடம் ஆபத்துள்ள ஜோடிகளில் 100க்கு 9 பேர்தான் வேண்டாம் என்று விலகினார்கள், 2009இல் பாதிக்கு மேல் விலகினார்கள். மிரட்டாமலே மாறியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

ஆனால் பிரசவ அறையில் நான் சண்டை போட்டது வேறு ஒன்றோடு. கண் மை. பிறந்து மூன்றாம் நாள் பாட்டி வந்து குழந்தையின் கண்ணுக்கும் சில சமயம் தொப்புளுக்கும் குஹ்ல் தடவிவிடுவார். கறுப்பாக இருக்கிற ஒரு கல்லை இடித்து அரைத்தது, பளபளவென்று இருக்கும், பலவற்றில் அது ஈயக் கனிமம். ஒரு பாட்டியிடம் வேண்டாம் என்று சொன்னேன், அவர் என் கையைப் பிடித்துத் தன் கண்ணைக் காட்டினார், எழுபது வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பேன், இதைத் தடவித்தான் என்றார். நான் என்ன பதில் சொல்ல. அடுத்த முறை வேறு மாதிரி கேட்டேன், குழந்தைக்கு அழகு செய்ய வேறு என்ன செய்வீர்கள் என்று. நெற்றியில் வைத்தாலும் போதும் என்றார். ஓமானிலும் எமிரேட்ஸிலும் வயிற்று வலிக்கு என்று 'பின்த் அல் தஹப்' என்ற பொடி கொடுக்கிற பழக்கமும் பதிவாகியிருக்கிறது, அது ஈய ஆக்சைடு. ஈயம் மூளை வளர்ச்சியை நேராக அடிக்கிறது. உன் தொகுப்பில் இதற்கு ஒரு பக்கமாவது கொடு.

---

அளவுகோல் எழுதியது:

வார்டுவிளக்கு அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் குருவியின் கேள்விக்கு ஒரு பாதி பதில்தான் அது. நான் ஊட்டச்சத்துத் துறை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அரபு நாடுகளில் நடந்த குழந்தை ஆய்வுகள் அரபுக் குழந்தைகளை மட்டும் பற்றியவை அல்ல, உலகத்துக் குழந்தைகள் எல்லோரையும் இன்று எடை போடுகிற தராசிலேயே அவை இருக்கின்றன.

இன்று பல நாட்டு ஆரம்ப சுகாதார மையங்களில் குழந்தையை நிறுத்தி ஒரு வளைகோட்டு அட்டையில் புள்ளி வைக்கிறார்களே, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அந்த அட்டை ஆறு இடங்களில் அளந்து உருவானது: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, டெல்லி, ஓஸ்லோ, அமெரிக்காவில் டேவிஸ், ஓமானில் மஸ்கட். 1997 முதல் 2003 வரை சுமார் 8,500 குழந்தைகள். புகை பிடிக்காத தாய், தாய்ப்பால், ஓரளவு வசதியான வீடு என்று வளர்ச்சிக்குத் தடை இல்லாத குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். உயர வித்தியாசத்தில் ஊருக்கு ஊர் என்று சொல்லக்கூடியது வெறும் 3 சதவீதம், சுமார் 70 சதவீதம் அதே ஊரில் குழந்தைக்குக் குழந்தை இருக்கிற வித்தியாசம். மஸ்கட் குழந்தையும் ஓஸ்லோ குழந்தையும் நல்ல சாப்பாடும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் ஒரே மாதிரி வளர்கிறார்கள். "அரபுக் குழந்தை இயல்பாகவே குட்டை" என்று யாராவது எழுதினால் இந்த ஒரு ஆய்வை எடுத்து முன்னால் வை. தவழ்வது, நடப்பது போன்ற ஆறு கட்டங்களையும் பிரேசில் தவிர்த்து மற்ற ஐந்து இடங்களில் பதிவு செய்தார்கள், பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எங்கே வந்தாலும் இயல்பு. எட்டு மாதத்துக்கும் பதினேழு மாதத்துக்கும் எவ்வளவு தூரம் பார், பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது என்று கவலைப்படுகிற தாய்களிடம் இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

எகிப்துக்கு வா. துத்தநாகம் மனிதனுக்கு அவசியம் என்பதே எகிப்து கிராமத்துப் பையன்களைப் பார்த்துத்தான் உறுதியானது. ஆனந்த பிரசாத், பீகாரில் பிறந்தவர், முதலில் ஈரானின் ஷிராஸில் வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைக் கண்டார், பின் 1960களின் தொடக்கத்தில் கெய்ரோவுக்கு வந்து அதே நிலையை ஆராய்ந்தார். இருபதை நெருங்கியும் பத்து வயதுப் பையன் போல இருந்தார்கள், பருவ மாற்றம் எதுவும் இல்லை. தின்றது பெரும்பாலும் முழுக்கோதுமை ரொட்டி, அதில் இருக்கிற ஃபைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. துத்தநாகம் கொடுத்ததும் உயரம் கிடுகிடுவென்று ஏறியது, பருவம் வந்தது. அதுவரை அந்தப் பையன்களைப் பார்த்தவர்கள் பரம்பரை என்று நினைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்! குருவி, உன் எரிச்சலுக்கு நான் கொடுக்கக்கூடிய நல்ல மருந்து இதுதான்.

எகிப்தின் இன்னொரு கதை ஓ.ஆர்.எஸ். 1980களில் வயிற்றுப்போக்கால் பச்சிளம் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு சர்க்கரைப் பொட்டலம் உலகமெங்கும் ஒரு லிட்டர் அளவில் வந்தது. எகிப்து வீடுகளில் ஒரு லிட்டர் அளக்கப் பாத்திரம் எங்கே? அளவு தப்பினால் உப்பு கூடி அதுவே ஆபத்து. அதனால் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலம் செய்து, 200 மில்லி பிளாஸ்டிக் டம்ளரும் கூடவே பரப்பினார்கள். கரீமா மொக்தார் என்ற நடிகை தொலைக்காட்சியில் தோன்றி எப்படிக் கலப்பது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது என்று அம்மாவின் குரலில் சொன்னார். 1982க்கும் 1989க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு இறப்பு 82 சதவீதம் குறைந்தது. ஒரு டம்ளரின் அளவைச் சரியாக யோசித்ததற்கு இவ்வளவு பலன்.

அந்த வெற்றியோடு நின்றுவிடாதே. எகிப்தில் 2014 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 21 சதவீதம், 2021இல் 13 ஆகக் குறைந்தது, அதே காலத்தில் ரத்தசோகை 27இலிருந்து 43 ஆக ஏறியிருக்கிறது. உயரத்தை மட்டும் அளந்திருந்தால் நல்ல செய்தி என்று எழுதியிருப்போம். யேமனில் கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகள் குட்டை. வெயில் கொளுத்துகிற வளைகுடாவிலோ வைட்டமின் டி குறைந்து எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் வருகிறது, தாயும் குழந்தையும் வெயிலில் படாமல் உள்ளேயே இருப்பதால், தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால். அதைத் தடுக்கத் தினமும் 400 யூனிட் சொட்டு, அவ்வளவு எளிது. அதே வளைகுடாவில் பள்ளிப்பிள்ளைகளின் உடல்பருமனும் உலகின் முன்வரிசையில். சராசரி எடுப்பது பற்றி நீ கேட்டது மிகச் சரியான கேள்வி, எடுக்கவே எடுக்காதே.

---

வளைகுடாக்குருவி எழுதியது:

இரண்டு பேருக்கும் மனதார நன்றி. அந்த டம்ளர் கதையை நேற்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அந்த விளம்பரம் தனக்கு ஞாபகம் இருப்பதாக எதிர்வீட்டு எகிப்திய அம்மா எப்போதோ சொன்னதாக அம்மா சொன்னார், இருவருக்கும் இன்னும் பேச்சு இருக்கிறது!

இன்னொரு கேள்வி. உயரம், எடை, ரத்தம் எல்லாம் சரி, அளந்துவிடலாம். பேச்சு, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? ஆங்கிலக் கேள்வித்தாளை அரபியில் மாற்றினாலே போதும் என்பது போல நிறைய கட்டுரைகள் இருக்கின்றன, எனக்கு அது உறுத்துகிறது.

---

தரீஷா எழுதியது:

உறுத்த வேண்டும், உறுத்தினால்தான் நல்லது. நான் பேச்சுப் பயிற்சியாளர், எட்டு வருடம் வளைகுடாவில் ஒரு மையத்தில் வேலை. என் பெயரே இந்தக் கேள்விக்குப் பாதி பதில், 'தரீஷா' என்றால் அங்கே வீட்டுப் பேச்சில் ஜன்னல், ஏட்டு அரபியில் அது 'நாஃபிதா'.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. நாலு வயதுப் பையன், படம் காட்டிப் பெயர் கேட்கிற சோதனை. ஜன்னல் படத்துக்குத் தரீஷா என்றான். மூக்குக்கு 'கஷ்ம்' என்றான், தாளில் எழுதியிருந்தது 'அன்ஃப்'. கரண்டிக்குக் 'கஃப்ஷா', தாளில் 'மில்அகா'. தாளில் இருக்கிறபடி சொல்லாவிட்டால் தவறு என்று போடச் சொல்லியிருந்தார்கள், போட்டேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவன் பேச்சு ஒன்றரை வருடம் பின்தங்கியிருக்கிறது என்று வந்தது. அந்தப் பையன் அறைக்கு வெளியே போய்த் தன் அக்காவிடம் நடந்ததை எல்லாம் நிறுத்தாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான், எனக்குக் கதவு வழியே கேட்டது. இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்முன் இருக்கிறது, நான் போட்ட தவறுக் குறிகளோடு. அப்புறம் வீட்டுச் சொல்லுக்கும் மதிப்பெண் கொடுக்கிற மாதிரி எங்கள் படிவத்தை மாற்ற வைத்தோம், அதற்கு இரண்டு வருடம் ஆனது.

வீட்டில் பேசுகிற மொழிக்கும் எழுதுகிற மொழிக்கும் இருக்கிற இந்த இடைவெளியைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1959இல் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் ஒன்று அரபி. எலினோர் சையக்-ஹத்தாத் என்ற ஆய்வாளர் பாலஸ்தீன அரபி பேசும் பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடக்கணக்காகச் செய்த வேலையைக் கட்டாயம் படியுங்கள். வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலி ஏட்டுச் சொல்லில் வந்தால் பிள்ளைகள் அந்த ஒலியைப் பிரித்து உணர்வதிலேயே தடுமாறுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார். பிள்ளைக்கு அறிவுக் குறைவு இல்லை, அவனுக்கு அந்த ஒலி இன்னும் யாரும் கொடுக்கவில்லை. தொகுப்பில் ஒவ்வொரு மொழி ஆய்வுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள்: சோதனை எந்த அரபியில் நடந்தது? பல கட்டுரைகளில் அதைச் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

ஆட்டிசத்துக்கு 2008இல் வெளிவந்த ஒன்பது அரபு நாட்டு ஆய்வு இருக்கிறது, சின்னப் பிள்ளைகளிடம் ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கிற எம்-சாட் கேள்வித்தாளின் அரபி வடிவத்தை வைத்துச் செய்தது. தொடக்கப் புள்ளியாக நல்லது. ஆனால் கேள்வித்தாள் தாயின் வாய் வழியாகத்தான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டால் முதல் பதில் "அல்ஹம்துலில்லாஹ்", இறைவனுக்கே புகழ். அது பதில் இல்லை, பேச்சின் வாசல். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கும் அதே பதில்தான். அதைக் கேட்டுவிட்டு 'நலம்' என்று குறித்துக்கொண்டு போகிறவர் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார், உட்கார்ந்து காப்பி குடித்து, நேற்று ராத்திரி எத்தனை முறை எழுந்தான், யார் தூக்கினார்கள் என்று கேட்டால்தான் கதை வரும். பொதுவான வளர்ச்சிக் கேள்வித்தாள்களில் ஸ்பூனால் தானே சாப்பிடுகிறானா என்று ஒரு கேள்வி, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுகிற வீட்டில். படி ஏறுகிறானா என்று ஒரு கேள்வி, படியே இல்லாத வீட்டில். இல்லை, இல்லை என்று தாய் சொல்லிக்கொண்டே வருவார், மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா வீடுகளில் பல பிள்ளைகளை நாள் முழுக்கத் தூக்கி வளர்ப்பது வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன நம் பெண்களும் அதில் உண்டு. உடைந்த அரபியில் அவர்கள் பேசுவதைத்தான் பிள்ளை அதிகம் கேட்கிறது. மொழி வளர்ச்சிப் படிவங்களில் தாயின் படிப்பு, தந்தையின் வேலை எல்லாம் கேட்பார்கள், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. என் அறைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான், பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்லும், எப்போது அழும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள்.

---

ஏரிக்கரைத்தமிழன் எழுதியது:

நான் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன், தொற்றுநோயியல் தரவு வேலை. அரபுச் சமூகம் என்றால் அரபு நாடுகள் மட்டும்தான் என்று தொகுப்பைச் சுருக்கிவிடாதீர்கள், இங்கே டியர்பார்ன் போன்ற ஊர்களிலும் அவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். இங்கே பிரச்சினை வேறு: அவர்களை எண்ணவே முடியாது. அமெரிக்கப் படிவங்களில் அரபு மக்கள் 'வெள்ளையர்' என்ற கட்டத்துக்குள்தான். 2024 மார்ச்சில்தான் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிக் கட்டம் கொண்டுவர மத்திய அரசு விதியை மாற்றியது. அதுவரை ஆராய்ந்தவர்கள் பெயரை வைத்தும் பூர்விகத்தை வைத்தும் தேடித் தேடிப் பிரித்தார்கள்.

அப்படிச் செய்ததில் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். டயான் லாடர்டேல் 2006இல் வெளியிட்டது, கலிஃபோர்னியாவின் பிறப்புச் சான்றிதழ்களில் அரபுப் பெயர் கொண்ட தாய்களைப் பிரித்தெடுத்து, நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த 2001 செப்டம்பருக்குப் பிந்திய ஆறு மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டார். குறைமாதப் பிறப்பும் எடை குறைந்த பிறப்பும் அவர்களிடம் மட்டும் கூடியிருந்தது, மற்ற இனத்துத் தாய்களிடம் கூடவில்லை. தெருவில் பார்த்த பார்வையும் விமான நிலையத்தில் பட்ட அவமானமும் வயிற்றில் இருந்த பிள்ளை வரை போயிருக்கிறது என்று படித்தபோது என்னால் அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை. பிறகு 2008இல் அப்துல் எல்-சயீதும் உடன் ஆய்வாளர்களும் மிச்சிகனில் அதே கேள்வியைக் கேட்டார்கள், அப்படி ஒரு கூடுதல் தென்படவில்லை. ஒன்று சரி, ஒன்று தவறு என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். மிச்சிகனில் அரபு மக்கள் கூட்டமாக, சொந்தக் கடைத்தெருவும் பள்ளிவாசலும் தேவாலயமும் சுற்றி இருக்க வாழ்கிறார்கள், அந்த அரவணைப்பு தாங்கியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

ரமலான் நோன்பு பற்றியும் கண்டிப்பாக உங்கள் கண்ணில் படும். ஆல்மண்ட், மஸும்தர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மிச்சிகனில் அரபுப் பூர்விகப் பிறப்புகளில் கர்ப்ப காலம் ரமலானோடு சேர்ந்து வந்தால் எடை சற்றுக் குறைவு என்று சொன்னது. கெட்டிக்காரத்தனமான வடிவமைப்புதான், ஆனால் சான்றிதழில் யார் நோன்பு இருந்தார் என்று இருக்காது. கர்ப்பிணிக்கு மார்க்கமே விலக்கு கொடுக்கிறது, இங்கே அரபு மக்களில் கிறிஸ்தவர்களும் ஏராளம். இதை எழுதாமல் முடிவை மட்டும் எடுத்து எழுதினால் அநியாயம்.

உறவுத் திருமணம் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத் தெற்கு இஸ்ரேலில் இருக்கிற நெகேவ் பாலைவனத்தைப் பாருங்கள். இஸ்ரேலின் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு, அவர்களின் குழந்தை இறப்பு யூதக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல், நெகேவில் வாழும் பெதூயின் என்ற பாலைவன அரபு மக்களிடம் இன்னும் அதிகம். மரபணு நோய் அங்கே உண்மையாகவே ஒரு காரணம். அதே மக்களில் பல ஆயிரம் பேர் அரசு அங்கீகரிக்காத கிராமங்களில், குழாய்த் தண்ணீரும் மின் இணைப்பும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. வார்டுவிளக்கு அக்கா சொன்ன அதே ரத்தச் சொட்டைக் கத்தார் ஜெர்மனிக்கு அனுப்பிப் பார்த்தது. பெற்றோரின் உறவுமுறை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தாலும் பிள்ளையின் கதி ஒன்றாக இருக்காது.

---

வார்டுவிளக்கு எழுதியது:

தம்பி, கடைசிப் பத்தி சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்தது காசு இருந்த ஆஸ்பத்திரியில், அதனால் அந்தக் கண்ணோட்டம் எனக்கு வரவில்லை.

---

நிழல்மரம் எழுதியது:

போரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, அதனால் சுருக்கமாக. காசாவில் மனநலப் பணி புதிதில்லை, மனநல மருத்துவர் இயாத் எல்-சர்ராஜ் 1990இலேயே அங்கே சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கினார். சமீர் கூத்தாவும் ஃபின்லாந்தின் புனமாகியும் பல பத்தாண்டுகள் அங்கத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள், பயம், படுக்கையில் சிறுநீர், கெட்ட கனவு எல்லாவற்றோடும் சேர்த்து எந்தப் பிள்ளை தாங்கி நிற்கிறது, ஏன் என்றும் கேட்டார்கள். எல்லாவற்றையும் 'அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தம்' என்ற ஒரே பெயரில் அடைப்பதை சமா ஜப்ர் என்ற பாலஸ்தீன மனநல மருத்துவர் எதிர்க்கிறார், அதிர்ச்சி முடிந்தால்தானே 'பிந்திய' என்று சொல்ல முடியும். 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது, 25 வருடத்தில் முதல் முறை. குண்டு விழாத வீட்டிலும் போர் இப்படித்தான் நுழைகிறது.

ஜோர்டானில் சிரியா அகதிப் பிள்ளைகளிடமும் உள்ளூர்ப் பிள்ளைகளிடமும் நடந்த ஒரு வேலை எனக்குப் பிடிக்கும். கேத்ரின் பாண்டர்-பிரிக், ரானா தஜானி குழு, 12 முதல் 18 வயது வரை. எப்படி இருக்கிறாய் என்று வாயால் கேட்டதோடு நிற்காமல் தலைமுடி கொஞ்சம் வெட்டி எடுத்து அதில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்த்தார்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே வேரிலிருந்து 3 சென்டிமீட்டர் எடுத்தால் மூன்று மாதத்து மன அழுத்தம் அதில் பதிந்திருக்கும். தரீஷா சொன்ன 'அல்ஹம்துலில்லாஹ்' சிக்கலுக்கு இது ஒரு பக்கத் துணை, மாற்று இல்லை. லெபனானில் சிரியாப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியாக 11 வாரப் பாலர் வகுப்பு நடத்தி, அதன் பலனை முறையாகச் சோதித்ததையும் தேடிப் படியுங்கள், 2023இல் முடிவுகள் வந்தன. பள்ளிக்கூடம் எட்டாத இடத்தில் அம்மாவின் கைப்பேசியே வகுப்பறை, நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

---

வளைகுடாக்குருவி எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து பழைய அட்டவணையை அழித்துவிட்டேன். முதல் திட்டத்தில் அத்தியாயங்கள் நோய்வாரியாக இருந்தன. இப்போது ஒவ்வொரு ஆய்வுக்கும் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த அரபியில் கேட்டார்கள், உறவுத் திருமணத்தை அளந்தார்களா அல்லது கடைசிப் பத்தியில் சும்மா சேர்த்தார்களா. இதுவரை கையில் இருக்கும் 41 கட்டுரைகளில் நான்காவது கட்டத்தை நிரப்பிப் பார்த்தேன், 17 கட்டுரைகளில் அளக்கவே இல்லை. வழிகாட்டியிடம் காட்டினேன், இதையே முதல் அத்தியாயமாக வை என்றார்.

தரீஷா அக்கா, பிள்ளையை வளர்க்கிற பெண் பற்றிக் கேட்கிற ஒரு கேள்வித்தாளையாவது நீங்கள் பார்த்ததுண்டா? எதிர்வீட்டு எகிப்தியப் பையனுக்கு இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொண்ட இரண்டாவது ஆள் அவர்கள் வீட்டில் வேலை செய்த அக்காதான், அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவர்தான் போடுவார். அவர் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.